கல்யாண கேசட்டை டிஜிட்டலாக மாற்றப் போறீங்களா? எம்பெக்-2, ஹெச்.264, ஹெச்.265... எதைத் தேர்வு செய்வது?

80களிலும் 90களிலும் நடந்த கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் பெரும்பாலும் விஹெச்எஸ் கேசட்டில்தான் பதிவாகி இருக்கின்றன. 2000-க்குப் பிறகு விசிடி வந்தது, அடுத்து டிவிடி. இப்போது கேசட் பீரோவில் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளராக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அதனால் பலரும் கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகளைத் தேடிப் போகிறார்கள். அங்கே வரும் முதல் கேள்வி: "டிவிடியா போடவா, பென்டிரைவ்ல எம்பி4-ஆ போடவா? ஹெச்.265-ல போட்டா சைஸ் கம்மியாகும், அது ஓகேவா?"

புதுசுதானே நல்லது என்று தலையாட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். ஆனால் பழைய எஸ்டி வீடியோவுக்கு அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. ஏன் என்று பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

- பத்திரப்படுத்த ஒரு காப்பி, பார்க்கவும் பகிரவும் இன்னொரு காப்பி. இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும்.
- பத்திரப்படுத்தும் காப்பியில் கம்ப்ரஷன் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும்.
- பார்க்கும் காப்பிக்கு ஹெச்.264 போதும். ஏறக்குறைய எல்லா சாதனத்திலும் ஓடும்.
- ஹெச்.265, ஏவி1 இரண்டும் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எஸ்டி வீடியோவில் மிச்சமாவது ஓரிரு ஜிபிதான்.
- டிவிடி, விசிடி கையில் இருந்தால் முதலில் அப்படியே காப்பி எடுங்கள். மாற்றுவது அப்புறம்.

எஸ்டி வீடியோ என்றால் எவ்வளவு பெரியது?

இந்தியாவில் பயன்பட்ட பால் முறையில் டிஜிட்டல் எஸ்டி வீடியோவின் அளவு 720 x 576. அதாவது ஒரு ஃபிரேமுக்கு சுமார் 4.15 லட்சம் பிக்ஸல். ஃபுல் ஹெச்டியில் இது 20.7 லட்சம், 4கே-வில் 83 லட்சம். ஒரு 4கே ஃபிரேமுக்குள் 20 எஸ்டி ஃபிரேம் அடங்கும்.

சின்ன வீடியோதானே, எதற்குக் கம்ப்ரஷன் என்று கேட்கலாம். எதையும் சுருக்காமல் பதிவு செய்தால் எஸ்டி வீடியோவே நொடிக்கு 166 மெகாபிட் வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 75 ஜிபி. மூன்று மணி நேர இ-180 கேசட் ஒன்றுக்கு 224 ஜிபி. அதனால்தான் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சுருக்கியே சேமிக்கிறார்கள்.

எது பழசு, எது புதுசு?

- எம்பெக்-1 (1993): விசிடியில் இருப்பது இதுதான். அளவு 352 x 288 மட்டுமே.
- எம்பெக்-2 (1995): டிவிடியின் ஃபார்மெட். கேபிள், டிடிஹெச் ஒளிபரப்பிலும் நீண்ட காலம் இதுவே ராஜா.
- ஹெச்.264 (2003): ஏவிசி என்றும் சொல்வார்கள். இன்றுவரை அதிக சாதனங்களில் ஓடக்கூடியது.
- ஹெச்.265 (2013): ஹெச்இவிசி என்பதும் இதுவே. 4கே காலத்துக்காக உருவானது. ஐபோனில் 2017 முதல் இருக்கிறது.
- ஏவி1 (2018): கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து, ராயல்டி இல்லாமல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று கொண்டுவந்தது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். எம்பி4 என்பது கம்ப்ரஷனின் பெயர் இல்லை, டப்பாவின் பெயர். அந்த டப்பாவுக்குள் ஹெச்.264-ம் இருக்கலாம், ஹெச்.265-ம் இருக்கலாம். கடையில் கொடுத்த "எம்பி4" வீட்டு டிவியில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் ஃபார்மெட்தான். விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து, கோடெக் விவரம் பகுதியைப் பார்த்தால் உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும்.

புதுசு உண்மையிலேயே எவ்வளவு மிச்சப்படுத்தும்?

ஹெச்.265 வந்த பிறகு, அதை உருவாக்கிய நிபுணர் குழு பார்வையாளர்களை உட்கார வைத்து ஒரு சோதனை நடத்தியது. அதே தரத்துக்கு ஹெச்.264-ஐ விட எவ்வளவு டேட்டா குறைகிறது என்பதுதான் கேள்வி. 4கே வீடியோவில் சராசரியாக 64 சதவீதம் குறைந்தது. ஃபுல் ஹெச்டியில் 62, 720பி-யில் 56, எஸ்டிக்கு நெருக்கமான 480பி-யில் 52 சதவீதம்.

ஆக, எஸ்டியிலும் லாபம் இருக்கிறது. படம் சின்னதாகச் சின்னதாக அந்த லாபம் குறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

காரணம் எளிது. வீடியோவைச் சுருக்கும்போது படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். எம்பெக்-2, ஹெச்.264 இரண்டிலும் அடிப்படைக் கட்டம் 16 x 16 பிக்ஸல். ஹெச்.265-ல் ஒரு கட்டம் 64 x 64 வரை போகலாம், ஏவி1-ல் 128 x 128 வரை. 4கே படத்தில் நீல வானம், வெள்ளைச் சுவர் மாதிரி பெரிய பரப்பை ஒரே கட்டத்தில் அடக்கிவிட்டால் பெரிய மிச்சம். ஆனால் 720 பிக்ஸல் அகலமே உள்ள எஸ்டி படத்தில் 64 பிக்ஸல் கட்டம் குறுக்கே 11 தான் முழுசாகப் பிடிக்கும். ஒரு கட்டத்துக்குள்ளேயே பொண்ணோட முகமும் மாலையும் பின்னால் நிற்கும் சித்தியும் வந்துவிடுவார்கள். பெரிய கட்டத்துக்கு அங்கே வேலை குறைவு.

இன்னொன்று, அந்தச் சோதனையில் பயன்பட்டவை தெளிவான வீடியோக்கள். விஹெச்எஸ் கேசட்டில் படம் முழுக்க புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலையும் காப்பாற்ற வேண்டும் என்றால் எந்தப் புது ஃபார்மெட்டும் திணறும். அதை வழித்தெடுத்துவிட்டால் சைஸ் குறையும், கூடவே பட்டுப்புடவை ஜரிகையும் போய்விடும்.

மூன்று மணி நேர கேசட்: எதில் எவ்வளவு இடம்?

ஒரு சின்ன கணக்கை நினைவில் வைத்தால் போதும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 450 எம்பி. அதன்படி மூன்று மணி நேர வீடியோ மட்டும் எவ்வளவு வரும் என்று பாருங்கள். ஆடியோவுக்குத் தனியாகக் கொஞ்சம் கூடும்.

- எம்பெக்-2, 8 மெகாபிட்: 10.8 ஜிபி
- ஹெச்.264, 2.5 மெகாபிட்: சுமார் 3.4 ஜிபி
- ஹெச்.265, 1.5 மெகாபிட்: சுமார் 2 ஜிபி

எம்பெக்-2-ல் இருந்து ஹெச்.264-க்கு வந்தால் 7 ஜிபிக்கு மேல் மிச்சம். அங்கிருந்து ஹெச்.265-க்குப் போனால் கூடுதலாக 1.4 ஜிபி மிச்சம். இன்றைய 64 ஜிபி பென்டிரைவில் இது பெரிய விஷயமே இல்லை. நூற்றுக்கணக்கான கேசட் வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு முக்கியம். நாலு கேசட் இருக்கும் வீட்டுக்கு இல்லை.

அட்சதை விழும் நேரம்தான் உண்மையான சோதனை

வீடியோ கம்ப்ரஷனின் அடிப்படை இதுதான்: முந்தைய ஃபிரேமில் இருந்தது அப்படியே இருந்தால் திரும்ப எழுதாதே, மாறியதை மட்டும் எழுது. மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் காட்சியில் இது அருமையாக வேலை செய்யும்.

கெட்டிமேளம் கொட்டும் நொடியில் கதை மாறும். நாலு பக்கமும் அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை எழுகிறது, வரிசையாக கேமரா ஃபிளாஷ் அடிக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நகர்கிறார்கள். முந்தைய ஃபிரேமில் இருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. பிட்ரேட் குறைவாக இருந்தால் அந்த நொடியில் படம் சதுரம் சதுரமாக உடையும். மூன்று மணி நேர வீடியோவில் எதைப் பார்க்க கேசட்டைத் தேடினோமோ, அந்தத் தாலி கட்டும் காட்சியே முதலில் கெடும்.

கடைகளில் மூன்று மணி நேர கேசட்டை ஒரே டிவிடியில் அடக்கித் தருவது வழக்கம். 4.7 ஜிபி டிவிடியில் மூன்று மணி நேரம் என்றால், ஆடியோவையும் சேர்த்து நொடிக்கு 3.5 மெகாபிட் கூடக் கிடைக்காது. டிவிடி தரத்தில் வீடியோவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 9.8 மெகாபிட். அதாவது உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். எம்பெக்-2 போன்ற பழைய ஃபார்மெட்டுக்கு இது பற்றாது. ஃபார்மெட் மோசம் என்பதால் அல்ல, இடம் கொடுக்காமல் அமுக்குவதால் வரும் கேடு இது.

படத்தில் கோடு கோடாகத் தெரிவது ஏன்?

பழைய வீடியோவை மொபைலில் போட்டால், ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் கேசட் கெட்டுப்போச்சு என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. அந்தக் கால டிவி அப்படித்தான் வேலை செய்தது.

அதன் பெயர் இன்டர்லேஸ். நொடிக்கு 25 ஃபிரேம் என்றாலும், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளாகப் பதிவாகும். முதல் பாதியில் ஒற்றை வரிசைகள், அடுத்ததில் இரட்டை வரிசைகள். ஆக நொடிக்கு 50 அரைப்படங்கள். பழைய பிக்சர் டியூப் டிவி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். மொபைல் இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் கோடு தெரிகிறது.

இங்கேதான் பழைய ஃபார்மெட்டுகள் ஜெயிக்கின்றன. எம்பெக்-2, ஹெச்.264 இரண்டிலும் இன்டர்லேஸ் வீடியோவை அப்படியே சுருக்குவதற்கென்று தனி வசதிகள் உண்டு. ஹெச்.265-ல் அந்தச் சிறப்பு வசதிகளை எடுத்துவிட்டார்கள். ஏவி1-ல் இன்டர்லேஸ் என்பதே கிடையாது.

புது ஃபார்மெட்டுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் இந்தக் கோடுகளை நீக்க வேண்டும். அதை டீ-இன்டர்லேஸ் என்பார்கள். அவசரத்தில் செய்தால் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு 25 ஃபிரேமாக மாற்றிவிடுவார்கள். அசைவில் பாதி அங்கேயே போய்விடும். சரியான முறையில் நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் பழைய அசைவு அப்படியே இருக்கும். தூக்கி எறிந்த பாதியை அந்த ஃபைலில் இருந்து திரும்பக் கொண்டுவர எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

உங்களிடம் என்ன இருக்கிறது? அதற்கு என்ன செய்யலாம்?

விஹெச்எஸ் கேசட்: அவசரம் இதற்குத்தான். ஓடும் டெக்குகள் குறைந்துகொண்டே போகின்றன. ஈரப்பதம் பட்டால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டைச் சுத்தம் செய்யாமல் டெக்கில் போட்டால் இரண்டும் கெடும். ஆவணக் காப்பகங்கள் இதற்கு எஃப்எஃப்வி1 போன்ற, எதையும் இழக்காத ஃபார்மெட்டைப் பயன்படுத்துகின்றன. சுருக்காத வீடியோவில் சுமார் பாதி இடம் பிடிக்கும். வீட்டுக்கு அவ்வளவு இடம் முடியாது என்றால், 8 மெகாபிட் அல்லது அதற்கு மேல் எம்பெக்-2, இல்லை என்றால் அதே அளவு பிட்ரேட்டில் இன்டர்லேஸ் நீக்காத ஹெச்.264 கேட்கலாம்.

மினிடிவி கேசட்: இங்கே "டிவி" என்பது டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம், தொலைக்காட்சி இல்லை. இதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். நொடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் டேப்பில் இருப்பது அப்படியே, எந்த இழப்பும் இல்லாமல் கணினிக்கு வரும். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கேபிளில் எடுத்தால் வீணாக ஒரு தலைமுறை தரம் போகும்.

டிவிடி: உள்ளே இருப்பது எம்பெக்-2. "வீடியோ டிஎஸ்" ஃபோல்டரை முழுசாக ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தால் அதுவே மாஸ்டர். வீட்டில் எழுதிய டிவிடிகள் நாளாக நாளாகப் படிக்க முடியாமல் போகும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விசிடி: "எம்பெக் ஏவி" ஃபோல்டரில் இருக்கும் டேட் ஃபைலைக் காப்பி எடுங்கள். விஎல்சி-யில் ஓடும். இதை ஹெச்.265-க்கு மாற்றினாலும் தரம் ஒரு துளி கூடாது. 352 x 288-ல் இல்லாதது எங்கிருந்தும் வராது.

"மாத்தினா தரம் கூடுமா?"

கூடாது. அடிக்கடி கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு வேறு பதிலே இல்லை. ஒவ்வொரு முறை ஃபார்மெட் மாற்றும்போதும் கொஞ்சம் விவரம் போகும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. எம்பெக்-2 டிவிடியை ஹெச்.265-க்கு மாற்றிவிட்டு டிவிடியைத் தூக்கி எறிவதுதான் பலரும் செய்யும் தவறு. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு ஃபார்மெட் வரும்போது மாற்றுவதற்குக் கையில் தேய்ந்த நகல்தான் இருக்கும்.

ஏஐ மூலம் 4கே ஆக்கித் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. எஸ்டி வீடியோவில் கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் முகம் சில பிக்ஸல்தான். மீதியை மென்பொருள் ஊகித்து வரைகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கலாம், ஆனால் அது தாத்தாவின் முகமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆசைக்கு ஒரு காப்பி செய்துகொள்ளலாம், அசல் ஃபைலை அதற்குப் பலி கொடுக்கக் கூடாது.

எல்லா டிவியிலும் ஓடுமா?

ஹெச்.264-க்கு ஏறக்குறைய ஆமாம். ஹெச்.265-க்கு அப்படிச் சொல்ல முடியாது. பழைய எல்இடி டிவிகளின் யுஎஸ்பி-யில் படம் வராமல் ஒலி மட்டும் கேட்கும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் இதற்கென்று தனி எக்ஸ்டென்ஷனைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். ஏவி1-க்கான ஹார்டுவேர் வசதி ஐபோனில் 2023-ல் வந்த 15 புரோ மாடல்களில்தான் முதலில் வந்தது.

ஒளிபரப்புத் துறைக்கே இந்தச் சிக்கல் உண்டு. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் தனியார் சேனல்களுக்கான இடங்களை எம்பெக்-2, எம்பெக்-4 என்று தனித்தனியாக ஏலம் விட்டு வந்திருக்கிறது. புதிய எம்பெக்-4 முறையில் அதே அலைவரிசையில் அதிக சேனல்களை அடக்க முடியும். ஆனால் பழைய செட்டாப் பாக்ஸ் அதைப் படிக்காது. வீட்டில் இருக்கும் பெட்டி எதைப் படிக்கிறதோ, அதுதான் நல்ல ஃபார்மெட் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

கடையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. டிவிடி மட்டும்தானா, கேப்சர் செய்த அசல் ஃபைலும் கிடைக்குமா? (நம்முடைய ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தால் போட்டுத் தருவார்களா?)
2. எந்த ஃபார்மெட், எவ்வளவு பிட்ரேட்?
3. இன்டர்லேஸை அப்படியே விடுவீர்களா? நீக்கினால் 50 ஃபிரேமா, 25 ஃபிரேமா?
4. படம் 4:3 அளவிலேயே இருக்குமா? அகலமான டிவிக்காக இழுத்துவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டினால் தலை போகும்.
5. பாட்டு சேர்ப்பது, எஃபெக்ட் போடுவது எல்லாம் தனி காப்பியில் செய்வீர்களா?

விஹெச்எஸ் கேசட்டின் முதுகுப் பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். கடைக்கு அனுப்பும் முன் அதை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் அந்த கேசட்டில் ரெக்கார்டு செய்யாது. கைதவறி அழிந்துபோகும் பயம் இல்லை.

நீங்களே மாற்றுவதாக இருந்தால்

இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர் போதும். பார்க்கும் காப்பிக்கு இந்த அமைப்பு சரியாக வரும்:

- வீடியோ: ஹெச்.264
- தர அளவு: எஸ்டி வீடியோவுக்கு ஹேண்ட்பிரேக் பரிந்துரைப்பது ஆர்எஃப் 18 முதல் 22 வரை. எண் குறைந்தால் தரம் கூடும், சைஸும் கூடும். 4கே-வுக்கு 22 முதல் 28 வரை போதும் என்கிறார்கள். சின்ன படத்தைப் பெரிய திரையில் இழுத்துப் பார்ப்பதால் எஸ்டியில்தான் குறை அதிகம் தெரியும்.
- டீ-இன்டர்லேஸ்: "பாப்" என்ற தேர்வு. நொடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும்.
- வேகம்: "ஸ்லோ". நேரம் கூடுதலாக எடுக்கும், அதே தரத்துக்கு சைஸ் குறையும்.
- அளவு: பெரிதாக்க வேண்டாம். மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.

முழு வீடியோவையும் மாற்றும் முன், தாலி கட்டும் காட்சியை மட்டும் இரண்டு நிமிடம் மாற்றிப் பாருங்கள். அட்சதை தெளிவாகத் தெரிந்தால் மீதி எல்லாம் நன்றாகவே வரும். அதே இரண்டு நிமிடத்தை ஹெச்.265-லும் மாற்றி, வீட்டு டிவியில் ஓடுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரை அனுப்பலாம்.

எங்கே வைப்பது?

பென்டிரைவ் கொண்டுபோய்ப் பார்க்கத்தான், பல வருடம் பத்திரப்படுத்த இல்லை. காப்பகங்கள் சொல்லும் வழி 3-2-1. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். ஒரு ஹார்டு டிஸ்க் இங்கே, இன்னொன்று அண்ணன் வீட்டில், ஒரு காப்பி கிளவுடில் என்றால் போதும். வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைப் போட்டு ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பார்க்கும் காப்பியை எந்த ஃபார்மெட்டில் வைத்தாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கேசட்டில் இருந்து முதன்முதலில் எடுக்கும் ஃபைலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்த முறை எடுக்க நினைக்கும்போது டேப்பும் டெக்கும் இருக்குமா என்பது தெரியாது. அதனால் சைஸைக் குறைக்கும் ஆசையை அந்த முதல் ஃபைலில் மட்டும் காட்ட வேண்டாம். மாற்றிய பிறகு கேசட்டையும் தூக்கிப் போடாமல், ஈரம் படாத இடத்தில் நிற்க வைத்து எடுத்து வையுங்கள்.